ஏறுற வண்டிக்கு வழி விடு, பாப்பா: இறந்தவரோடு தொடரும் உறவு பற்றி ஓர் எளிய விளக்கம்

ஏற்காட்டுக்கு நான் கார் ஓட்டிப் போகும்போதெல்லாம் அப்பா கூடவே வருகிறார். கோரிமேடு வரைக்கும் வாயைத் திறக்க மாட்டார். அடிவாரம் தாண்டி முதல் வளைவு வந்ததும் ஆரம்பித்துவிடுவார். "ஹாரன் அடி." "ஏறுற வண்டிக்கு வழி விடு, பாப்பா." இறங்கும்போது கூடுதலாக ஒன்று: "ஏறின கியர்லயே இறங்கு, பிரேக்கை நம்பாதே." இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் இந்த மூன்று வாக்கியம்தான். எஸ்டேட்டுகளிலிருந்து காப்பி மூட்டை இறக்கும் லாரியை இருபது வருடத்துக்கு மேல் ஓட்டியவர். அதற்கு மேல் சொல்ல அவருக்கு எதுவும் தேவைப்படவில்லை.

அவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது.

பேச்சுவாக்கில் இதை ஒரு தோழியிடம் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. "இன்னுமா நீ அதுலேருந்து வெளியே வரல?" என்றாள். அக்கறையில்தான் கேட்டாள். ஆனால் வெளியே வந்துதான் ஆக வேண்டுமா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கொஞ்சம் தேடிப் படித்தேன். இதே சந்தேகம் உளவியல் ஆராய்ச்சியாளர்களுக்கும் வந்திருக்கிறது, அதற்கு அவர்கள் ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள்: தொடரும் பிணைப்பு.

கருத்து சின்னதுதான். ஒருவர் இறந்ததும் அவரோடு நமக்கிருந்த உறவு அறுந்துவிடுவதில்லை, அது உருவம் மாறித் தொடர்கிறது. அப்படித் தொடர்வது நோயோ பலவீனமோ அல்ல, பெரும்பாலோருக்கு இயல்பாக நடப்பது. அவ்வளவுதான்.

இதையும் நினைவையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஏற்காட்டில் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் ராபர்ட் புரூஸ் ஃபுட்டுக்கு நினைவுக்கல் இருக்கிறது. 1863இல் பல்லாவரத்தில் கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர், ஏற்காட்டில் வாழ்ந்தவர், 1912இல் இறந்தார். அந்தக் கல் முன்னால் நின்றால் அவரைப் பற்றி நாலு விஷயம் தெரிந்துகொள்ளலாம். அது நினைவு. நாம் அவரிடம் எதையும் கேட்பதில்லை, அவரும் நமக்கு எதையும் சொல்வதில்லை. பிணைப்பு என்றால் கொடுக்கல் வாங்கல் இருக்கும். எட்டாவது வளைவில் பின்னால் வந்த பேருந்து விடாமல் ஹாரன் அடித்தபோது, "அவன் அவசரம் அவனுக்கு, நீ உன் வேகத்துல போ" என்று அப்பா சொன்னார். உயிரோடிருந்தபோது அவர் இந்த வாக்கியத்தைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அது அவர் வாக்கியம்தான். அவரை நன்றாகத் தெரிந்துவைத்திருப்பதால், புது இடத்தில் புதிதாக என்ன சொல்வார் என்றும் எனக்குத் தெரிகிறது.

விடச் சொன்னவரே விடவில்லை

"மறந்துட்டு ஆக வேண்டியதைப் பாரு" என்று நம் ஊரில் சொல்வதற்கு உளவியலில் ஒரு தாத்தா உண்டு. சிக்மண்ட் ஃபிராய்டு 1917இல் துக்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இறந்தவர்மேல் மனம் வைத்திருக்கும் பற்றை ஒவ்வொரு நினைவாகத் தொட்டுத் தொட்டு விலக்கிக்கொள்வதுதான் துக்கத்தின் வேலை, அந்த வேலை முடிந்தால் மனம் விடுதலை ஆகும் என்பது அதன் சாரம். பின்னால் வந்தவர்கள் பலர் இதையே விதியாக எடுத்துக்கொண்டார்கள். பற்று அறுந்தால் துக்கம் ஒழுங்காக முடிந்தது, அறாவிட்டால் ஏதோ கோளாறு என்று கணக்கு.

ஆனால் ஃபிராய்டின் சொந்த வாழ்க்கையில் இந்தக் கணக்கு பொருந்தவில்லை. 1920 ஜனவரியில் அவருடைய மகள் சோஃபி ஃப்ளூ காய்ச்சலில் இறந்தாள். வயது 26. ஒன்பது வருடம் கழித்து, 1929இல், மகனை இழந்த லுட்விக் பின்ஸ்வாங்கர் என்ற மருத்துவ நண்பருக்கு ஃபிராய்டு ஒரு கடிதம் எழுதினார். இன்று சோஃபி இருந்திருந்தால் 36 வயது என்று அதில் எழுதினார். அந்த இடத்தை எதைக் கொண்டும் நிரப்ப முடியாது, நிரப்பினாலும் அது வேறொன்றாகத்தான் இருக்கும், அப்படி இருப்பதுதான் சரி, நாம் விட்டுவிட விரும்பாத அன்பைத் தொடர அது ஒன்றே வழி என்கிற பொருளில் போகிறது அந்தக் கடிதம். ஒன்பது வருடம் கழித்து மகளின் வயதைக் கூட்டிப் பார்க்கிற ஒரு அப்பா! கட்டுரையைவிட இந்தக் கடிதத்தைத்தான் நான் நம்புகிறேன்.

அப்புறம், துக்கம் என்றாலே எல்லோரும் சொல்கிற அந்த 'ஐந்து நிலைகள்'. மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு. எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969இல் இதை எழுதியது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசிப் பழகியதை வைத்து. பறிகொடுத்தவர்களுக்கான ஏணியாக அதை மாற்றியது பிறகு வந்த வழக்கம். 'ஏற்பு' என்ற கடைசிப் படியில் ஏறிவிட்டால் ஃபைலை மூடிவிடலாம் என்று பலரும் நினைக்கிறோம். அவர் போய்விட்டார் என்று ஏற்றுக்கொள்வதும் அவரோடு பேசுவதை நிறுத்துவதும் ஒன்றல்ல.

அதே 1969இல் டோக்கியோவில் சாலை விபத்தில் கணவரை இழந்த 20 பெண்களிடம் சில மருத்துவர்கள் பேசினார்கள். பெரும்பாலோர் வீட்டில் முன்னோர் பீடம் வைத்து, அங்கே கணவருக்கு விளக்கேற்றி, சாப்பாடு வைத்து, அவரோடு உறவை நடத்திக்கொண்டிருந்தார்கள். அது அவர்களுக்கு ஆறுதலாகவே இருந்தது. 1971இல் டெவி ரீஸ் என்ற மருத்துவர் வேல்ஸ் கிராமப்புறத்தில் துணையை இழந்த 293 பேரிடம் விசாரித்தார். கிட்டத்தட்டப் பாதிப் பேர், இறந்தவர் பக்கத்தில் இருப்பதுபோல உணர்ந்ததாகவோ, அவர் குரல் கேட்டதாகவோ, அவரைப் பார்த்ததாகவோ சொன்னார்கள். இதைவிட என்னை உறுத்திய விஷயம் வேறு. அவர்களில் பெரும்பாலோர் அதுவரை ஒருவரிடமும் அதைச் சொன்னதில்லை. பைத்தியம் என்று நினைத்துவிடுவார்களே என்ற கூச்சம் வேல்ஸிலும் சேலத்திலும் ஒன்றுதான் போல.

அமெரிக்காவில் ஃபிலிஸ் சில்வர்மேனும் ஸ்டீவன் நிக்மேனும் அப்பாவையோ அம்மாவையோ இழந்த 125 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். குழந்தைகள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே இறந்தவரோடு பேசினார்கள், கனவு கண்டார்கள், அவருடைய ஏதாவது ஒரு பொருளைக் கூடவே வைத்துக்கொண்டார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர்களிடம் டென்னிஸ் கிளாஸ் கண்டதும் இதேதான். மூவரும் சேர்ந்து 1996இல் ஒரு நூலைத் தொகுத்தார்கள். 'தொடரும் பிணைப்பு' என்ற பெயர் பரவியது அதிலிருந்துதான்.

இதைக் கேட்டால் நம் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். அமாவாசை தவறாமல் காக்காவுக்குச் சோறு வைக்கிறவர்களிடம் போய், இறந்தவரோடு உறவு தொடர்கிறது என்று கண்டுபிடித்துவிட்டோம் என்றால்!

வீட்டுக் கணக்கில் அவர்களுக்கும் ஒரு பங்கு

குறள் 43ஐப் பள்ளியில் எல்லோரும் படித்திருப்போம். தென்புலத்தார், தெய்வம், விருந்து, ஒக்கல், தான் என்று இல்வாழ்வான் காப்பாற்ற வேண்டிய ஐந்து பேரின் பட்டியல். தென்புலத்தார் என்றால் இறந்துபோன முன்னோர். அவர்கள் அங்கே விருந்தாளியோடும் சொந்தக்காரர்களோடும் ஒரே வரிசையில், அதுவும் முதலாவதாக நிற்கிறார்கள். ஏதோ தத்துவமாக அல்ல, மாதச் செலவில் ஒரு பங்குதாரராக.

பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயரன்தான் பேரன் ஆனது; தாத்தாவின் பெயரைச் சுமப்பவன். என் தம்பி தன் மகனுக்கு அப்பா பெயரைத்தான் வைத்தான். சிக்கல் என்னவென்றால் அம்மா அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்ல மாட்டார், நாற்பது வருடப் பழக்கம். "ஏங்க, இங்க வாங்க" என்று இரண்டு வயதுப் பையனைக் கூப்பிடுகிறார். அவன் சுவரில் கிறுக்கினால்கூடத் திட்ட முடிவதில்லை.

பொருள்களிலும் பிணைப்பு ஒட்டிக்கொள்ளும். தெரிந்த ஒரு வீட்டில் அப்பாயி இறந்தபின் அவருடைய கனமான பழைய கொலுசை உருக்கிப் பேத்திக்குச் சின்னக் கொலுசு செய்யக் கொடுத்தார்கள். பழைய வெள்ளியைக் கொடுத்துவிட்டுப் புதுக் கொலுசு வாங்கிக்கொள்வதுதான் சுலபம். ஆனால் அந்த வீட்டுக்காரர் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் வெள்ளி உருக்கும் மூசை பக்கத்திலேயே, அனல் அடிக்க அடிக்க, முக்கால் மணி நேரம் நின்றாராம். வேறு வெள்ளி ஒரு பொட்டு கலந்துவிடக் கூடாது என்று. வெள்ளிக்கு என்ன தெரியும் என்று கேட்கலாம். நான் கேட்க மாட்டேன்.

பொருள்களை நம்பி இருப்பதில் ஆபத்தும் உண்டு. அப்பா இறந்தபின் அம்மா அவர் எண்ணுக்கு அவ்வப்போது போன் போடுவார். சுவிட்ச் ஆஃப் என்று வரும், வைத்துவிடுவார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் செய்யாமல் விட்டேன், வெட்டிச் செலவு என்று. ப்ரீபெய்டு எண்ணை 90 நாள் பயன்படுத்தாமல் போட்டுவைத்தால் நிறுவனம் அதை முடக்கலாம், பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். ஒருநாள் மணி அடித்தது. யாரோ ஒரு பையன் எடுத்து, "சொல்லுங்கம்மா" என்றான். அம்மா போனை மேசைமேல் வைத்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். அப்பா இறந்த அன்றைக்கு அழுததைவிட அன்று அதிகம் அழுதார். உங்கள் வீட்டில் யாராவது இறந்திருந்தால் அவர் எண்ணை உடனே விட்டுவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவுகளை வேறு இடத்தில் சேமித்து வையுங்கள். என்னிடம் அப்பாவின் குரல் ஒன்றே ஒன்று மிஞ்சியிருக்கிறது, பதினோரு நொடி. "தக்காளி வாங்கிட்டேன். வேற எதாச்சும் வேணுமா?"

இந்த இரண்டு வகையையும் பிரித்துத்தான் ஆராய்ச்சியாளர்கள் பேசுகிறார்கள். மலைப்பாதையில் எனக்குக் கேட்கிற குரல் உள்ளே இருப்பது; அவருடைய அறிவும் சுபாவமும் என்னுடையதாகிவிட்டன, அதை எந்த நிறுவனமும் முடக்க முடியாது. போன் எண்ணும் சட்டையும் வெளியே இருப்பவை. ஆரம்பத்தில் வெளியே இருப்பதைத்தான் இறுகப் பிடித்துக்கொள்வோம். போகப் போக அவர் உள்ளே இடம் பிடித்துவிடுவார். எல்லோருக்கும் இப்படியே நடக்கும் என்றில்லை, நடக்கவில்லை என்றால் தப்பும் இல்லை.

சடங்குகளில் எனக்குப் பிடித்தது அவற்றின் நாள் கணக்கு. ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளில் சேலத்திலிருந்து மேட்டூருக்கும் பவானி கூடுதுறைக்கும் போகிற வண்டிகளைப் பாருங்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் கல்லறைகளைக் கழுவிப் பூவைத்து மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். இஸ்லாமியர்கள் கபர்ஸ்தானுக்கு ஜியாரத் போகிறார்கள், இறந்தவர் பெயரால் தருமம் செய்கிறார்கள். இன்றைக்கு உனக்கு என்று ஒரு நாள் ஒதுக்கினால், நாளைக்கு வேலைக்குப் போவது துரோகமாகத் தெரியாது. மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற துக்க ஆராய்ச்சியாளர்கள் 1999இல் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். துக்கப்படுகிற மனம் இழப்பின் பக்கமும் வாழ்க்கையின் பக்கமும் மாறி மாறிப் போய்வரும். காலையில் அழுதுவிட்டு மத்தியானம் ரேஷன் கடை வரிசையில் நிற்பது கல்நெஞ்சம் அல்ல, அந்தப் போய்வரவில்தான் மனம் பிழைக்கிறது.

எங்கே கோணலாகிறது

நம் வழக்கம் எல்லாமே நல்லது என்று சொல்ல நான் வரவில்லை. முதல் வருட ஆடி அமாவாசையன்று மொட்டை மாடியில் வைத்த சோற்றை ஒரு மணி நேரமாகியும் காக்கா தொடவில்லை. "அவருக்கு என்ன குறையோ" என்று அம்மா கலங்கிப்போனார். தெருவில் எல்லா மாடியிலும் இலை விரித்திருந்தார்கள். ஆடி அமாவாசையன்று மத்தியானம் ஒரு மணிக்குச் சேலத்துக் காக்காவுக்கு ஏது பசி? ஆனால் அந்த நேரத்தில் இதைச் சொன்னால் காதில் ஏறாது. ஆறுதலுக்கு வைத்த சடங்கு பயமுறுத்தவும் செய்யும் என்பதை அன்று பார்த்தேன்.

கணவனை இழந்தவளின் பொட்டையும் பூவையும் வளையலையும் பறிக்கிற வழக்கத்தைப் பிணைப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது தண்டனை. எங்கள் வீட்டில் அதைத் தடுத்தது அத்தை. படையலுக்கு இது ஆகும், இது ஆகாது என்று மணிக்கணக்கில் வழக்குப் பேசுகிற ஆள். அன்றைக்கு வளையல் உடைக்க வந்தவர்களிடம், "எங்கண்ணன் வாங்கிப் போட்டது. எங்கண்ணி கையைத் தொட்டுப் பாருங்க" என்றார். யாரும் தொடவில்லை.

இன்னொன்று, எல்லா உறவும் இனிமையாக இருந்ததில்லை. குடித்துவிட்டு அடித்த அப்பா, கடைசிவரை பேசாத அண்ணன். இவர்களும் இறந்தபின் நம்மோடு வருவார்கள், சில நேரம் விடாமல் வருவார்கள். தொடரும் பிணைப்பு என்றால் எல்லோரையும் மன்னித்துப் படத்துக்கு மாலை போட வேண்டும் என்று பொருள் இல்லை. தூரத்தில் நிறுத்திவைப்பதும் ஒரு வகை உறவுதான். கேட்க முடியாமல் போன கேள்விகளைக் கடிதமாக எழுதிப் பார்த்துச் சிலர் ஆறியிருக்கிறார்கள். அனுப்ப முடியாது என்பதே அதில் வசதி.

அப்படியானால் எப்போது கவலைப்பட வேண்டும்? பேசுகிறாரா, படத்தின் முன் உட்கார்கிறாரா என்று பார்க்காதீர்கள். அந்த உறவு அவரை வாழ விடுகிறதா என்று பாருங்கள். மாதங்கள் போயும் ஏக்கம் கொஞ்சமும் தணியாமல் நாள் முழுக்க அழுத்துகிறது, சாப்பாடு தூக்கம் வேலை எதுவும் ஓடவில்லை, செத்தே போனார் என்பதை மனம் ஏற்கவே மறுக்கிறது, தானும் போய்ச் சேர்ந்தால் தேவலை என்கிறார் என்றால் அது வேறு. நீடித்த துக்கக் கோளாறு என்று மருத்துவத்தில் அதற்குப் பெயர். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் குறைந்தது ஆறு மாதம் இப்படி நீடிக்க வேண்டும் என்கிறது, அமெரிக்க உளவியல் மருத்துவர்கள் 2022இல் வெளியிட்ட கையேடு பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்கிறது. சாகும் எண்ணம் வந்தால் மட்டும் எந்தக் கணக்கும் பார்க்காமல் உடனே யாரையாவது அணுக வேண்டும். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416. எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் என்ன பேசுவது என்று தெரியாமல் "காலம் ஆற்றும்" என்று சொல்லிவிட்டு வருகிறோம். அதற்குப் பதில் இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு சின்னச் சம்பவத்தைச் சொல்லுங்கள். அப்பாவின் பழைய கிளீனர் ஒருவர் வந்து, பதினாலாவது வளைவில் மழையில் வண்டி நின்றுபோனதையும் விடியும்வரை இருவரும் ஒரே ஒரு மலை வாழைச் சீப்பைப் பங்கு போட்டுத் தின்றதையும் சொன்னார். எங்களுக்குத் தெரியாத கதை. இறந்து ஏழு மாதம் ஆனபின் அப்பா எங்களுக்குப் புதிதாக ஏதோ கொண்டுவந்து கொடுத்ததுபோல இருந்தது.

இந்த வருட ஆடி அமாவாசைப் படையலில் அம்மா தட்டுவடை செட் வைக்க வேண்டும் என்றார். அப்பா லாரியை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வரும்போது தினமும் ஒரு பொட்டலம் கையில் இருக்கும். கடையில் தட்டுவடை, சட்னி, துருவிய காரட் பீட்ரூட், வெங்காயம் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கட்டி வாங்கி வந்தேன், நமுத்துவிடக் கூடாது என்று. மாடியில் இலை போட்டதும் அத்தை ஆரம்பித்தார்.

"அண்ணி, படையலுக்கு வெங்காயம் ஆகாது. எடுத்துடுங்க."

"உங்கண்ணனுக்கு வெங்காயம் இல்லாம என்னிக்கு இறங்கியிருக்கு?"

"அது அவர் இருந்தப்ப."

"இப்ப மட்டும் மாறிடுவாராக்கும்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் தட்டுவடையை அடுக்கி, சட்னி தடவி, வெங்காயத்தைத் தாராளமாகவே போட்டேன். இந்த முறை சீக்கிரமே, பதினொரு மணிக்கே மாடிக்குப் போயிருந்தோம். காக்கா தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்து இரண்டு தடவை கழுத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு இறங்கியது. தட்டுவடையைக் கவ்வி உதறியது. பத்து நிமிடத்தில் இலையில் பீட்ரூட் மட்டும் கிடந்தது.

வெங்காயம் ஒரு துண்டுகூட மிச்சமில்லை. அம்மா அத்தையைப் பார்த்தார். அத்தை ஏற்காட்டு மலைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.